ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் கொடிவழியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். மருமகனின் முன்னோர்கள் 1850-ஐ ஒட்டி ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்து நிலம் வாங்கிக் குடியேறியவர்கள். பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்துக் கொடிவழியை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால், எந்தத் தலைமுறையைத் தொட்டாலும் ஒரு ஜான், ஒரு டேவிட், ஒரு மார்கரெட். யார் யாருக்குப் பிள்ளை என்றே பிடிபடவில்லை, இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களைக் குழப்புகிற அந்தப் பெயர்களிலிருந்தே ஆரம்பியுங்கள். நம் வீடுகளில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பதில்லையா? பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய இதே வழக்கம் இருந்தது, நம்முடையதைவிடக் கறாரான வரிசையோடு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். பெண்களில் மூத்தவளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்கு அம்மாவின் பெயர். சட்டமெல்லாம் இல்லை, ஊருக்கு ஊர் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த வரிசைப்படி எழுதி வைத்துப் பார்த்தால், அவர்களுடைய தாத்தா பாட்டிகள் நான்கு பேரும் யார் என்று ஓர் ஊகமாவது கிடைத்துவிடும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன், அதுவும் உங்கள் மருமகன் குடும்பம் வந்த அதே காலத்தில் அதே விஸ்கான்சினுக்கு வந்ததுதான். அமெரிக்கக் காடுகளையும் மலைகளையும் காப்பாற்றப் போராடிய ஜான் மியூரின் குடும்பம். அப்பா டேனியல் மியூர், அம்மா ஆன் கில்ரை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வட கடலைப் பார்த்தபடி இருக்கும் டன்பார் என்ற ஊரில் இருந்தார்கள். பிள்ளைகள் வரிசையைப் பாருங்கள்: மார்கரெட், சாரா, ஜான், டேவிட், டேனியல், பிறகு இரட்டைப் பெண்கள் மேரியும் ஆனியும், கடைசியில் ஜோவானா.

இப்போது பொருத்திப் பார்க்கலாம். மூத்த பெண் மார்கரெட், அம்மாவின் அம்மா பெயர் மார்கரெட் ஹே. இரண்டாவது பெண் சாரா, அப்பாவின் அம்மா சாரா ஹிக்ஸ். மூத்த மகன் ஜான், அப்பாவின் அப்பாவும் ஜான் மியூர். இரண்டாவது மகன் டேவிட், அம்மாவின் அப்பா டேவிட் கில்ரை. மூன்றாவது மகன் டேனியல், அப்பாவின் பெயரே. இரட்டையரில் ஆனிக்கு அம்மாவின் பெயர். மேரியும் கடைசிப் பெண் ஜோவானாவும் இந்த வாய்பாட்டில் வரமாட்டார்கள், ஆனால் அப்பா டேனியலுக்கு மேரி என்று ஓர் அக்கா உண்டு, அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துபோன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வரிசைக்குள் அடங்காத பெயர் ஒன்று வந்தால் அது யாருடையது என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு அத்தையோ சித்தியோ பிள்ளை இல்லாத மாமாவோ இருப்பார்கள். வெறும் எட்டுப் பெயர்களை வரிசையாக எழுதியதில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டோம், ஒரு பதிவேட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை.

ஆனால் இது ஊகம்தான். ஊகத்தைச் சான்று என்று எழுதிவிட்டால் அப்புறம் அதைப் பத்துப் பேர் பார்த்து எழுதுவார்கள், நீங்கள் இணையத்தில் பார்த்த முரண்பட்ட மரங்களில் பாதி அப்படி முளைத்தவைதான். இந்த வழக்கம் எங்கெங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், முந்தைய திருமணம். டேனியல் மியூருக்கு ஆன் கில்ரை இரண்டாவது மனைவி. 1829-இல் ஹெலன் கென்னடி என்ற பெண்ணை மணந்தார், அவர் சீக்கிரமே இறந்துவிட்டார், 1833-இல் ஆனை மணந்தார். முதல் மனைவிக்குப் பிள்ளைகள் தங்கியிருந்தால் தாத்தா பெயர் அவர்களுக்குப் போயிருக்கும், இரண்டாம் மனைவியின் பிள்ளைகளில் வரிசை குலைந்திருக்கும். அதனால் உங்கள் பட்டியலில் வரிசை இடித்தால் உடனே வழக்கத்தைக் கைவிட வேண்டாம், அப்பாவுக்கு முன்பு ஒரு திருமணம் நடந்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது, இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு மறுபடி வைப்பார்கள். தாத்தாவின் பெயர் அற்றுப்போகக் கூடாது என்ற எண்ணம்தான். ஒரே அப்பா அம்மாவுக்கு 1836-இல் ஒரு ஜேம்ஸ், 1839-இல் இன்னொரு ஜேம்ஸ் என்று பதிவேட்டில் இருந்தால், எழுத்தர் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் குழந்தை இறந்திருக்கும். ஆள் மாறாட்டம் அதிகம் நடப்பது இங்கேதான், கப்பலேறி வந்தவன் இரண்டாவது ஜேம்ஸ், ஆனால் குடும்ப மரத்தில் முதலாமவனின் பிறந்த தேதி உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, நடுப்பெயர். இது பெரும்பாலும் பொக்கிஷம். இரும்பு எஃகுத் தொழிலில் பெரும் செல்வரான ஆண்ட்ரூ கார்னகியின் குடும்பம் 1848-இல் டன்ஃபர்ம்லினிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போனது. அப்பா வில்லியம் கைத்தறி நெசவாளர், நீராவித் தறி வந்து பிழைப்பு போய்விட்டது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரான ஆண்ட்ரூ. இளையவன் பெயர் தாமஸ் மாரிசன் கார்னகி. அம்மாவின் அப்பா, செருப்புத் தைக்கும் தொழில் செய்த தாமஸ் மாரிசன், பேரனின் பெயருக்குள் முழுசாக இருக்கிறார். ஆனால் எல்லா நடுப்பெயரும் இப்படி இல்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் எடின்பரோவில் பிறந்து 1870-இல் குடும்பத்தோடு கனடா போனவர். தாத்தாவும் அலெக்சாண்டர், அப்பாவும் அலெக்சாண்டர், இவரும் அலெக்சாண்டர். கிரஹாம் என்பதோ அவருடைய 11-ஆவது பிறந்தநாளில், குடும்ப நண்பர் ஒருவரின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. கிரஹாம் என்ற பாட்டியைத் தேடி ஒருவர் வருடக்கணக்கில் அலைந்திருக்கலாம், கிடைத்திருக்கவே மாட்டார்.

சரி, பெயர்களை எழுதி வைத்தாயிற்று. அடுத்து எல்லாரும் செய்கிற தவறு, நேராக ஸ்காட்லாந்துப் பதிவேடுகளுக்குள் குதிப்பது. டேவிட், மார்கரெட் என்று அங்கே தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். எந்த ஊர், எந்த ஆண்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, இந்த மூன்றும் கையில் இல்லாமல் கடலைத் தாண்டாதீர்கள். மூன்றும் அமெரிக்கப் பக்கத்திலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது 1850-இல்தான், அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் எண்ணிக்கையாக இருப்பார்கள். 1850 தாளில் உறவுமுறை இருக்காது, ஆனால் பிறந்த நாடோ மாநிலமோ இருக்கும். பிள்ளைகளின் பிறந்த இடத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து, திடீரென்று விஸ்கான்சின். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில்தான் கப்பல் இருக்கிறது. மியூர் வீட்டில் இரட்டையர் 1846-இல் டன்பாரில் பிறந்தவர்கள், ஜோவானா 1850-இல் விஸ்கான்சினில் பிறந்தவள், இடையில் நான்கே ஆண்டுகள். 1880 கணக்கெடுப்பில் உறவுமுறையும் வந்துவிடும், ஒவ்வொருவரின் அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்பதும் வரும். 1900-இல் எந்த ஆண்டு குடியேறினார்கள் என்றே கேட்டிருக்கிறார்கள். 1890 தாள்களை நம்ப வேண்டாம், 1921 தீ விபத்துக்குப் பிறகு பெரும்பகுதி மிஞ்சவில்லை.

கப்பல் பட்டியலைத் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள், குடும்பம் முழுசாக ஒரே கப்பலில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1849 பிப்ரவரியில் ஒரு மாலை, ஜானும் டேவிட்டும் தாத்தா கில்ரை வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்து, இன்றைக்குப் படிக்க வேண்டாம், காலையில் அமெரிக்கா போகிறோம் என்றாராம். ஜான் மியூரே பின்னாளில் எழுதிவைத்தது இது. மறுநாள் கிளம்பியது டேனியல், 13 வயது சாரா, 11-ஐ நெருங்கிய ஜான், அவன் தம்பி டேவிட், இந்த நான்கு பேர் மட்டுமே. அம்மா, மூத்தவள் மார்கரெட், சின்னவன் டேனியல், இரட்டையர் எல்லாரும் டன்பாரிலேயே இருந்து, அங்கே வீடு எழும்பிய பிறகு அதே ஆண்டு பின்பகுதியில் போய்ச் சேர்ந்தார்கள். ஆக அப்பாவும் அம்மாவும் ஏழு பிள்ளைகளுமாக ஒரு கப்பலைத் தேடினால் இந்தக் குடும்பம் கிடைக்கவே கிடைக்காது. ஓர் ஆணும் மூன்று பிள்ளைகளும் ஒரு பட்டியலில், ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளும் இன்னொன்றில் என்று தேட வேண்டும். விதவை போலவும் மனைவியை இழந்தவர் போலவும் தோன்றுகிற இப்படிப்பட்ட பாதிக் குடும்பங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று, கப்பல் பட்டியல் என்பது இறங்கிய இடத்தில்தான் இருக்கும். பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் முறையாகக் கிடைக்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கியவர்களின் பட்டியல் 1820 முதல் உண்டு. ஆனால் பலர் கட்டணம் குறைவு என்று கனடாவின் கியூபெக் வழியாக உள்ளே வந்தார்கள், கியூபெக்கின் முறையான பயணிகள் பட்டியல்கள் 1865-இலிருந்துதான் உள்ளன. அதற்கு முன் அந்த வழியில் வந்தவர்கள் பெயர் எங்கும் பதிவாகாமலே போயிருக்கலாம். நியூயார்க்கில் நான்கைந்து ஆண்டுப் பட்டியல்களை அலசியும் கிடைக்கவில்லை என்றால் கப்பலை விட்டுவிடுங்கள். கப்பல் பெயர் அழகான தகவல், கொடிவழிக்கு அது அவசியமே இல்லை.

குடியுரிமைப் பதிவும் அப்படித்தான், வந்த உடனே வாங்கினார்கள் என்று நினைத்து 1850-களில் மட்டும் தேடாதீர்கள். பதினொரு வயதில் வந்த ஜான் மியூர் முறைப்படி அமெரிக்கக் குடிமகன் ஆனது 1903-இல். தவிர 1906-க்கு முந்தைய பதிவுகளில் எந்த நாட்டு அரசருக்கான விசுவாசத்தை விடுகிறார் என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது, பிறந்த ஊர் இருந்தால் அதிர்ஷ்டம். நிலப் பதிவுகள் இதைவிடப் பயன்படும். அரசிடமிருந்து நேரடியாக நிலம் வாங்கியிருந்தால் மத்திய அரசின் நிலப் பட்டாக்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டாவை எடுத்ததும் பக்கத்து நிலத்துக்காரர் யார் என்று பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் போய் உட்காருவது எல்லா நாட்டுக் குடியேறிகளுக்கும் பொது. மியூர் குடும்பம் விஸ்கான்சினில் வந்திறங்கியபோது நிலம் தேர்ந்தெடுக்க உதவியவரும் ஸ்காட்லாந்துக்காரர். சாரா மணந்த டேவிட் காலவேயும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மியூர்களின் முதல் பண்ணையைப் பின்னால் அவர்தான் வாங்கினார். உங்கள் ஆட்களின் ஊர் தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர், திருமணச் சாட்சி, உயில் சாட்சி, இவர்களின் ஊரைத் தேடுங்கள்.

இப்போது கடலைத் தாண்டலாம். ஸ்காட்லாந்தில் மறக்கக் கூடாத ஆண்டு 1855. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு கட்டாயமாகப் பதிந்தது. அதற்கு முன்னால் பாரிஷ் பதிவேடுகள் மட்டுமே, அதாவது ஊர்த் திருச்சபை எழுதிவைத்த ஞானஸ்நானமும் திருமண அறிவிப்பும். இவை எல்லாமே அரசின் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற தளத்தில் இருக்கின்றன. தேடுவது இலவசம், படத்தைத் திறக்கக் காசு கட்ட வேண்டும். அந்தக் காசைக் கட்டுங்கள், அட்டவணையை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

உங்கள் குடும்பம் 1855-க்கு முன்பே கிளம்பிவிட்டதே, அரசுப் பதிவால் என்ன பயன் என்று தோன்றும். இங்கேதான் நான் எல்லாரிடமும் வலியுறுத்துகிற ஒன்று இருக்கிறது: போனவரைத் தேடாதீர்கள், போகாமல் ஊரில் தங்கிய அவருடைய அண்ணன் தம்பி அக்கா தங்கையைத் தேடுங்கள். ஸ்காட்லாந்து இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயரும் தொழிலும், அம்மாவின் பெயரும் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்படும். இங்கிலாந்துச் சான்றிதழில் அந்தக் காலத்தில் இது கிடையாது. 1780-களில் பிறந்த ஒரு பெரியப்பா 1860-இல் ஊரிலேயே இறந்திருந்தால், அவருடைய ஒற்றைத் தாள் உங்களை 1750-களில் பிறந்த ஒரு தம்பதியிடம் கொண்டுபோய் விடும், அமெரிக்கா போன தம்பிக்கும் அவர்கள்தானே அப்பா அம்மா.

அதிலும் 1855-ஆம் ஆண்டுத் தாள் கிடைத்தால் கும்பிட வேண்டும். முதல் ஆண்டு என்பதால் அதிகாரிகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டார்கள். இறந்தவர் எங்கே பிறந்தார், இந்த ஊருக்கு வந்து எத்தனை வருடம், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, அவர்களில் இறந்துபோனவர்கள் எப்போது இறந்தார்கள், இறந்தவரை எங்கே புதைத்தார்கள், எல்லாம் குறுக்கே நீண்ட ஒரே தாளில். எழுதி மாளவில்லை போலிருக்கிறது, அடுத்த ஆண்டே பாதிக் கட்டங்களை எடுத்துவிட்டார்கள். மருமகனின் முன்னோர் வழியில் 1855-இல் யார் இறந்திருந்தாலும், எவ்வளவு தூரத்து உறவாக இருந்தாலும், அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.

கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, 1849-இல் கிளம்பிய குடும்பத்துக்கு ஸ்காட்லாந்தில் 1841 ஒன்றுதான் கிடைக்கும். அதில் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 44 வயதுக்காரர் 40 என்று இருப்பார். வயது பொருந்தவில்லை என்று சரியான வீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாரிஷ் பதிவேட்டில் ஆள் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், அந்தக் குடும்பம் அந்தத் திருச்சபையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரிந்து போனவர்கள் உண்டு. 1843-இல் திருச்சபை பெரிதாக உடைந்து சுதந்திரத் திருச்சபை உருவானது, அதில் சேர்ந்தவர்களின் குழந்தைகள் பெயர் வேறு புத்தகத்தில் இருக்கும். டேனியல் மியூரும் சபை மாறி மாறிப் போய்க் கடைசியில் கிறிஸ்துவின் சீடர்கள் என்ற சபையில் சேர்ந்தவர், அது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத சபை. திருச்சபை மூப்பர் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளையும் பாருங்கள், பெரும்பகுதி அதே தளத்தில் இலவசமாக இருக்கிறது. திருமணத்துக்கு முன் கர்ப்பம், குடித்துவிட்டுச் சண்டை, வேறு ஊருக்குப் போக நற்சான்று கேட்டது, எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். குடும்பத்தார் மறைத்த விஷயம் வந்தால் வருத்தப்படாதீர்கள், அதில் வருகிறவர்களும் நம் பேரப்பிள்ளைகளின் ரத்தம்தான்.

ஸ்காட்லாந்துக் குடும்பம் என்றால் எல்லாரும் ஸ்காட்லாந்தில்தான் பிறந்திருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். டேனியல் மியூர் பிறந்தது 1804-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். அவர் அப்பா படைவீரர், அம்மா சாரா ஹிக்ஸ் இங்கிலாந்துப் பெண். இருவரும் சீக்கிரம் இறந்ததால் அக்கா வீட்டில், ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரின் கிராஃபோர்ட்ஜான் பக்கம் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தார். டன்பாருக்கு வந்ததே படைக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்டாக. அவருடைய ஞானஸ்நானத்தை டன்பாரில் எத்தனை வருடம் தேடினாலும் கிடைக்காது. அப்பாவோ தாத்தாவோ படையில் இருந்தார் என்று ஒரு சின்னக் குறிப்பு வந்தாலும் ஊரை மாற்றித் தேடத் தயாராக இருங்கள்.

தொழில் பெயர்களில் தடுக்கி விழாதீர்கள். தாத்தா கில்ரை ஒரு ‘ஃப்ளெஷர்’, அதாவது இறைச்சிக் கடைக்காரர். ‘பாக்ஸ்டர்’ ரொட்டி சுடுபவர். ‘கார்டினர்’ என்று இருந்தால் தோட்டக்காரர் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், செருப்புத் தைப்பவராகவும் (cordiner) இருக்கலாம், பழைய கையெழுத்தில் முதல் எழுத்து G-யா C-யா என்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தொழில்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். குலச் சின்னம், கட்டம்போட்ட துணி என்று விற்கிறார்களே, அதை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனி மனிதருக்கு உரியது, ஒரு குடும்பப் பெயருக்கு மொத்தமாகக் கிடையாது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலையை மருமகனிடம் ஒப்படையுங்கள். விஸ்கான்சினில் அந்த முதல் தம்பதியின் கல்லறைக்கு ஒரு நாள் போய் வரச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை, கல்லறைக் கல்லிலும் ‘இன்னாரின் மனைவி’ என்பதற்கு முன்னால் அதைப் பொறிப்பது வழக்கம். சில கற்களில் பிறந்த ஊரும் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது போகட்டும், தேய்ந்த எழுத்து அப்போதுதான் நிழலில் தெரியும். கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்பு தேய்க்கவோ வேண்டாம், தண்ணீர் போதும். முன்பக்கத்தோடு திரும்பிவிடாமல் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் படம் எடுக்கட்டும், சுற்றியிருக்கும் பத்துக் கற்களையும் சேர்த்து. அந்த மார்கரெட்டின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும் பிள்ளைகளின் வரிசையோடு இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.